ஒன்றரை விநாடியில் நின்ற பம்ப்

2010 ஏப்ரல் 15, மாலை 4 மணி 27 நிமிடம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி-டி3 ராக்கெட் கிளம்பியது. முதல் அடுக்கு எரிந்து முடிந்தது. இரண்டாம் அடுக்கும் எரிந்து முடிந்தது. 293 விநாடி வரை எந்தக் குறையும் இல்லை. அடுத்தது மூன்றாம் அடுக்கு. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்து இந்தியா சொந்தமாகச் செய்த கிரையோஜெனிக் இன்ஜின், விண்ணில் முதன்முதலாக எரியப்போகும் நேரம். கட்டுப்பாட்டு அறைத் திரையில் ராக்கெட் போக வேண்டிய பாதை ஒரு கோடாக வரையப்பட்டிருக்கும். அது உண்மையில் போகும் பாதை அந்தக் கோட்டின் மேலேயே ஊர்ந்து வர வேண்டும். அன்று அது கோட்டை விட்டுக் கீழே இறங்கியது. ஜிசாட்-4 செயற்கைக்கோளைச் சுமந்தபடியே ராக்கெட் கடலில் விழுந்தது.

தோல்வியே வெற்றிக்கு முதல் படி என்று எழுதாத பள்ளிக்கூடச் சுவர் நம் ஊரில் குறைவு. அந்த வாசகத்தின் மேல் எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம் உண்டு. ஒரே தவறால் மூன்று முறை தோற்றவர்களை நம் தெருவிலேயே காட்ட முடியும். தோல்வி தானாகப் பாடம் சொல்லும் என்றால் அவர்கள் எல்லாம் மகா மேதைகளாகியிருக்க வேண்டுமே! கடலடிக்குப் போன ராக்கெட் யாருக்கும் எதையும் கற்றுத் தரவில்லை. அது விழுவதற்கு முன்பே அதன் உடம்பெங்கும் பொருத்தி வைத்திருந்த உணரிகள்தான் பேசின. வெப்பம், அழுத்தம், அதிர்வு, சுழல் வேகம், வால்வுகள் திறந்த நேரம், மூடிய நேரம் என்று ஒவ்வொரு நொடியும் ஆயிரக்கணக்கான எண்கள் தரைக்கு வந்துகொண்டிருந்தன. விழுந்த பொருள் கைக்குக் கிடைக்கவில்லை. எண்கள் கிடைத்தன.

அந்த எண்களை வைத்து இஸ்ரோவின் பொறியாளர்கள் என்ன செய்தார்கள் என்பது, ஜெயித்த கதையை விடச் சுவையானது. அதற்கு முன்னால் அந்த இன்ஜின் ஏன் அத்தனை முரண்டு பிடிக்கும் சாமான் என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

எரிபொருள் ஹைட்ரஜன், அதை எரிக்க ஆக்சிஜன். இரண்டும் திரவ நிலையில். ஆக்சிஜன் திரவமாக இருக்க வேண்டுமானால் மைனஸ் 183 டிகிரி செல்சியஸ் குளிர் வேண்டும். ஹைட்ரஜனுக்கு மைனஸ் 253. இயற்கையில் எந்தக் குளிரும் மைனஸ் 273-க்குக் கீழே போக முடியாது என்பதை நினைத்தால், நாம் எவ்வளவு அடிமட்டத்தில் வேலை செய்கிறோம் என்று புரியும். இத்தனை பாடு எதற்கு? இரண்டாம் அடுக்கில் எரியும் வழக்கமான திரவ எரிபொருளோடு ஒப்பிட்டால், ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உந்துதலை இந்த ஜோடி தரும். இரண்டு டன் செயற்கைக்கோளைப் பூமியிலிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்தை எட்டும் பாதையில் விடுவதற்கு அந்த ஒன்றரை மடங்கு இல்லாமல் ஆகாது.

இந்தத் தொழில்நுட்பத்தை ரஷ்யர்களிடமிருந்து வாங்கத்தான் 1991-இல் ஒப்பந்தம் போட்டோம். ஏவுகணைத் தொழில்நுட்பம் பரவுகிறது என்று சொல்லி 1992-இல் அமெரிக்கா தடை விதித்தது. 1993-இல் ரஷ்யா பின்வாங்கியது: செய்து முடித்த அடுக்குகளைத் தருகிறோம், செய்முறையைத் தர மாட்டோம். கொடுத்தது ஏழு. அவற்றை வைத்து ஜிஎஸ்எல்வியைப் பறக்கவிட்டுக்கொண்டே, இன்னொரு பக்கம் சொந்த இன்ஜினுக்கான வேலை நடந்தது. சோதனைக் களம், மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகும் இடத்தில், திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரி. நாகர்கோவில் போகிறவர்கள் பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு கடந்து போகிற அதே மலையடிவாரம்தான். 2007 நவம்பரில் அங்கே இந்த அடுக்கைத் தரையில் கட்டிவைத்து, விண்ணில் எரிய வேண்டிய முழு நேரமான 720 விநாடியும் எரித்துப் பார்த்தார்கள். தேறியது.

தரையில் பன்னிரண்டு நிமிடம் எரிந்தது, விண்ணில் எரியவில்லை. ஏன்?

அன்று மாலை எழுந்த முதல் சந்தேகம், ராக்கெட்டைத் திசை திருப்பும் இரண்டு சிறிய இன்ஜின்களின் மேல். அவை பற்றவில்லையோ? எண்களை மேலும் புரட்டியபோது, பெரிய இன்ஜினே பற்றவில்லையோ என்று சந்தேகம் மாறியது. ஜூலையில் ஆய்வுக் குழுவின் முடிவு வெளியானபோது இரண்டுமே தவறு என்று தெரிந்தது. பெரிய இன்ஜின் பற்றியது. சிறியவையும் பற்றின. மூன்றாம் அடுக்கு தொடங்கி 2.2 விநாடி வரை ராக்கெட்டின் வேக அதிகரிப்பு, முந்தைய வெற்றிப் பயணங்களில் இருந்தது போலவே இருந்தது. எரியாத இன்ஜின் தள்ளாது அல்லவா? அதற்குப் பிறகுதான் உந்துதல் ஏறவில்லை. காரணம், ஹைட்ரஜன் வரவில்லை. ஹைட்ரஜன் வராததற்குக் காரணம் ஒரு பம்ப்.

முதல் நாள் தோன்றிய காரணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நன்றாக வேலை செய்த சிறிய இன்ஜின்களைப் பிரித்து மேய்ந்து, திருத்தி, மறுபடி ஏவி, மறுபடி கடலில் போட்டிருப்பார்கள். அந்த மூன்று மாதப் பொறுமையைத்தான் இந்தக் கதையில் நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி அந்தப் பம்ப். கிணற்றில் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. மோட்டார் காற்று வாங்கிவிட்டால் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் தண்ணீர் ஏறாது. ராக்கெட்டின் பெரிய பம்புக்கும் அதே வியாதி உண்டு. திரவ ஹைட்ரஜன் எந்நேரமும் கொதித்துவிடத் தயாராக நிற்கும் திரவம். பம்ப் உறிஞ்சும் இடத்தில் அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் குமிழ் குமிழாக ஆவியாகிவிடும். எனவே பெரிய பம்புக்குப் போகும் முன்பே, ஹைட்ரஜனைக் கொஞ்சம் அழுத்தம் ஏற்றித் தள்ளிவிட ஒரு துணைப் பம்ப் தேவை. அது ஹைட்ரஜன் தொட்டிக்குள்ளேயே இருக்கும். நம்முடைய ஆழ்துளைக் கிணற்று சப்மெர்சிபிள் மோட்டார் தண்ணீருக்குள் மூழ்கியிருப்பது போல, மைனஸ் 253 டிகிரியில் மூழ்கிக் கிடக்கும்.

அன்று அந்தத் துணைப் பம்ப் ஒழுங்காகத்தான் கிளம்பியது. நிமிடத்துக்கு 34,800 சுற்று என்ற வேகத்தை எட்டியது. சமையலறை மிக்ஸி முழு வேகத்தில் அலறும்போது சுற்றுவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு விநாடிக்கு 580 சுற்று. 0.9 விநாடி கழிந்ததும் வேகம் சரியத் தொடங்கியது. அடுத்த 0.6 விநாடிக்குள் பம்ப் நின்றேவிட்டது. மொத்தம் ஒன்றரை விநாடி. கண்ணை நாலைந்து முறை சிமிட்டும் நேரம்.

ஏன் நின்றது? ஆய்வுக் குழு இரண்டு காரணங்களைச் சொன்னது. ஒன்று, சுழலும் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு வளையங்களில் ஒன்று கவ்விப் பிடித்து, தண்டு இறுகிப்போயிருக்கலாம். இன்னொன்று, பம்பைச் சுழற்றும் டர்பைனின் உறை அதிக அழுத்தத்தாலும் வெப்பநிலை மாற்றம் தந்த இறுக்கத்தாலும் வெடித்திருக்கலாம்.

முதல் காரணத்தைப் புரிந்துகொள்ள வண்டிச் சக்கரம் போதும். மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்தவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். பட்டையைச் சக்கரத்தை விடச் சற்றே சிறியதாக அடித்து, நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, விரிந்த சூட்டோடு சக்கரத்தில் மாட்டித் தண்ணீரை ஊற்றுவார்கள். புஸ்ஸென்று ஆவி கிளம்பும். பட்டை சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். பிறகு ஆயுசுக்கும் கழலாது. கொல்லர் விரும்பிச் செய்கிற அதே காரியம் ராக்கெட் பம்புக்குள் வேண்டாத விருந்தாளியாக நடந்தால்? சாதாரண வெப்பநிலையிலிருந்து திரவ ஹைட்ரஜனின் குளிருக்குப் போகும்போது எஃகு ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் சுருங்கும். அலுமினியம் 4 மில்லிமீட்டர். கையளவே உள்ள பாகத்தில் அது அரை மில்லிமீட்டர் கூட வராதுதான். ஆனால் சுழலும் தண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே விடும் இடைவெளியே தலைமுடி கனத்தைச் சார்ந்த சமாச்சாரம். ஓர் உலோகம் கொஞ்சம் அதிகமாகவும் பக்கத்து உலோகம் கொஞ்சம் குறைவாகவும் சுருங்கினால் அந்த இடைவெளி காணாமல் போய்விடும். இடைவெளியைத் தாராளமாக விட்டுவிடலாமே என்றால், அதன் வழியே ஹைட்ரஜன் கசிந்து பம்பின் வலு போய்விடும்.

இரண்டில் எது நடந்தது? பம்ப் கடலுக்கடியில் கிடந்தது. எண்கள் இதற்கு மேல் சொல்லவில்லை.

இந்த இடத்தில் ஜப்பானியர்களை நினைக்காமல் இருக்க முடியாது. 1999 நவம்பரில் அவர்களுடைய எச்-2 ராக்கெட் பறந்துகொண்டிருந்தபோதே முதல் அடுக்கு இன்ஜின் நின்றுபோனது. அதுவும் திரவ ஹைட்ரஜன் இன்ஜின்தான். அவர்கள் பசிபிக் கடலில் ஏறக்குறைய 3,000 மீட்டர் ஆழத்தில் தேடி, அந்த இன்ஜினையே மேலே எடுத்துவிட்டார்கள். பிரித்துப் பார்த்தபோது ஹைட்ரஜன் பம்பின் வாயில் இருந்த சுழலித் தகடு உடைந்திருந்தது. குமிழ்கள் தொடர்ந்து தந்த அதிர்வால் உலோகம் களைத்து முறிந்திருக்கிறது. குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கினான்.

நம்மவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எனவே யார் குற்றவாளி என்ற வழக்கை முடிக்காமலேயே, சந்தேகத்துக்குரிய இருவரையும் கட்டிப்போடுவது என்று முடிவெடுத்தார்கள். குளிரில் தாங்கிகளும் உறையும் எவ்வளவு விரியும், எவ்வளவு சுருங்கும் என்று மறுபடி கணக்கிட்டுப் பம்பின் வடிவமைப்பைத் திருத்தினார்கள். இன்ஜின் பற்றும்போது எது முதலில், எது பிறகு என்ற வரிசையை மாற்றினார்கள். எல்லாவற்றையும் விட முக்கியமாக, தரைச் சோதனையிலேயே ஓர் ஓட்டை இருந்ததை ஒப்புக்கொண்டார்கள். இன்ஜின் விண்ணில் பற்ற வேண்டியது காற்றே இல்லாத வெற்றிடத்தில். தரையில் பற்றவைத்துக் காட்டியது காற்று சூழ்ந்த இடத்தில். 2013 மார்ச்சில், மகேந்திரகிரியில் உயர்வெளியின் நிலைமையைச் செயற்கையாக உண்டாக்கி, அதற்குள் இன்ஜினைப் பற்றவைத்துப் பார்த்தார்கள். பற்றியது.

இதற்கு நடுவில் இன்னோர் அடி. 2010 கிறிஸ்துமஸ் அன்று ரஷ்ய அடுக்கோடு போன ஜிஎஸ்எல்வி-எஃப்06, கிளம்பிய ஒரு நிமிடத்திலேயே கட்டுப்பாடு இழந்தது. 64-ஆவது விநாடியில் தரையிலிருந்தே அதை வெடிக்க வைத்தார்கள். கிரையோஜெனிக் இன்ஜின் பற்றும் கட்டமே வரவில்லை. அந்த அடுக்கின் அடிப்பகுதியில் இருந்த பத்து மின் இணைப்புகள் பறக்கும்போதே பிடுங்கிக்கொண்டன. அவற்றை மூடியிருந்த கவச உறை காற்றின் அழுத்தத்தில் நெளிந்து இணைப்புகளை இழுத்துவிட்டிருக்கலாம் என்பது கணிப்பு. அடுத்த ராக்கெட்டுக்கு அந்தக் கவசத்தைப் புதிதாக வடிவமைத்தார்கள். அதோடு நிறுத்தவில்லை, பறக்கும்போது கவசம் அசைகிறதா என்று பார்க்க ஒரு கேமராவையும் அங்கே வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது. திருத்திவிட்டோம் என்ற நம்பிக்கை இருந்தும், திருத்தியது சரிதானா என்று சாட்சிக்கு ஆள் வைக்கும் குணம் எல்லோருக்கும் வராது.

அந்த அடுத்த ராக்கெட் ஜிஎஸ்எல்வி-டி5. திட்ட இயக்குநர் கே.சிவன். நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளையில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்; பின்னாளில் இஸ்ரோவின் தலைவரானவர். 2013 ஆகஸ்ட் 19, மாலை 4.50-க்கு ஏவ வேண்டும். 29 மணி நேரக் கவுன்ட் டவுனில் ஏறக்குறைய முழுவதும் முடிந்துவிட்டது. எரிபொருள் நிரப்பிய தொட்டிகளில் அழுத்தம் ஏற்றும் கட்டம். அப்போது இரண்டாம் அடுக்கில் ஒரு கசிவு தெரிந்தது. அது ஹைட்ரசீன் வகை எரிபொருள், நச்சு. ஏவுவதற்கு ஒரு மணி 14 நிமிடம் மிச்சமிருந்தபோது கவுன்ட் டவுனை நிறுத்தினார்கள்.

இதுவும் அடுத்த நாள் செய்தித்தாளில் தோல்வி என்றுதான் வந்தது. மூன்றரை ஆண்டில் மூன்றாவது. இஸ்ரோ வட்டாரத்தில் இந்த ராக்கெட்டுக்கே ‘நாட்டி பாய்’ என்று பட்டப்பெயர் விழுந்திருந்தது, சேட்டைக்காரப் பிள்ளை. ஆனால் முந்தைய இரண்டுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இந்த முறை ராக்கெட் கையில் இருந்தது. எரிபொருளை வடித்து, ராக்கெட்டைத் திரும்பக் கொட்டகைக்குள் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தார்கள். தொட்டியில் விரிசல். அந்தத் தொட்டி துத்தநாகம் கலந்த ஓர் அலுமினியக் கலவையால் ஆனது. இழுவிசையிலேயே நெடுநாள் கிடந்தால், காற்றின் ஈரமும் சேர்ந்து, அந்தக் கலவையில் உள்ளூர விரிசல் ஓடும். தயிர்ப் பானை கீறல் விட்டது போல, வெளியே தெரிவதற்குள் காரியம் முடிந்திருக்கும். தாமிரம் கலந்த வேறோர் அலுமினியக் கலவையில் புதுத் தொட்டி செய்து, இரண்டாம் அடுக்கையே புதிதாக மாற்றினார்கள். கசிவு அன்று கண்ணில் படாமல் போயிருந்தால்? மூன்றாம் அடுக்கின் பம்பை மூன்றாண்டுகளாகச் செதுக்கியவர்களின் உழைப்பு, இரண்டாம் அடுக்கின் ஓட்டையால் கடலுக்குப் போயிருக்கும். நமக்கும் பம்ப் சரியாகிவிட்டதா என்றே தெரிந்திருக்காது.

2014 ஜனவரி 5, மாலை 4 மணி 18 நிமிடம். டி5 கிளம்பியது. கிரையோஜெனிக் இன்ஜின் பற்றி, பன்னிரண்டு நிமிடம் எரிந்தது. கிளம்பிய 17 நிமிடம் 5 விநாடியில் 1,982 கிலோ எடையுள்ள ஜிசாட்-14 தன் பாதையில் விடப்பட்டது. அதையும் சேர்த்து 2018 டிசம்பர் வரை ஆறு முறை ஏவினார்கள், ஆறும் வெற்றி. சேட்டைக்காரப் பிள்ளை திருந்திவிட்டான் என்று எல்லோரும் எழுதினோம்.

2021 ஆகஸ்ட் 12 அன்று அதிகாலையில் ஜிஎஸ்எல்வி-எஃப்10 கிளம்பியது. இரண்டு அடுக்குகளும் சரியாக எரிந்தன. மூன்றாவது பற்றவில்லை. ஆய்வுக் குழு எண்களைப் புரட்டியபோது கடைசியில் வந்து நின்ற இடம், அதே துணைப் பம்ப்.

ஆனால் நோய் வேறு. இந்த முறை பம்ப் இறுகவில்லை, உறையும் வெடிக்கவில்லை. ஹைட்ரஜன் தொட்டியில் அழுத்தத்தைக் காக்க ஒரு வால்வு உண்டு. அழுத்தம் மிஞ்சினால் திறந்து வெளியேற்றும். மற்ற நேரம் இறுக மூடியிருக்கும். அந்த வால்வின் மெத்தென்ற அடைப்பானில் ஏதோ சேதம். தூசு ஏதும் சிக்கியிருக்கலாம், அல்லது கடுங்குளிரில் வால்வைப் பொருத்திய இடமே இழுத்துக்கொண்டிருக்கலாம். கேஸ்கட் போன குக்கரில் விசில் வராதது போல, தொட்டியில் வேண்டிய அழுத்தம் ஏறவில்லை. அழுத்தம் இல்லாத ஹைட்ரஜனை வாங்கிய பம்ப் தடுமாறியது. ராக்கெட்டின் கணினி அதைக் கண்டு இன்ஜினைத் தொடங்க விடாமல் நிறுத்திவிட்டது. 2010-இல் கற்றது எதுவும் பொய்யாகவில்லை. அதில் இந்தக் கேள்வி இல்லை, அவ்வளவுதான். அப்போது பம்பைக் கேள்வி கேட்டார்கள். பம்புக்கு மேலே இருந்த வால்வை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அது அதுவரை வாயே திறக்கவில்லை.

வால்வைப் பலப்படுத்தினார்கள். இன்ஜின் தொடங்கும் முன் தொட்டியில் அழுத்தம் தானாகக் கூடட்டும் என்று காத்திராமல், வெளியிலிருந்தே ஏற்றும் ஏற்பாடும் சேர்ந்தது. 2023 மே 29 அன்று எஃப்12 வெற்றி. 2025 ஜூலை 30 அன்று எஃப்16, இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்த நிசார் செயற்கைக்கோளைச் சுமந்து போனது. 1992-இல் இந்தத் தொழில்நுட்பம் நம் கைக்கு வராமல் தடுத்த நாட்டின் ரேடார், அன்று மகேந்திரகிரியில் சோதித்த இன்ஜினின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. கீழே, ஹைட்ரஜன் தொட்டிக்குள், அந்தத் துணைப் பம்ப் கடைசி விநாடி வரை நிற்காமல் சுற்றியது.